பொட்டு வைத்த துவக்கு

"பொட்டு இரிக்கி அண்ணன், கண்ணால பாருங்க, பொட்டு—"

"அழிச்சாச்சு எண்டு சொல்லுறன், நீ கேக்கிறாயில்லை—"

"—இரிக்கிற பொட்டை எப்பிடி அழிச்ச? இந்தா, என்ட கையில—"

"—உன்ர கையில இருக்கிறது என்ன சாமானோ ஆர் கண்டது! என்ர துவக்கு இது! என்ர கட்டில் தலைமாட்டில கிடந்தது!"

"அது டம்மி!"

"டேய்!"

கீழ்வீட்டு இத்தாலியக் கிழவி வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையை இடித்தாள். அவளுக்குக் கூரை, இவர்களுக்கு நிலம். இடி வந்து சிவமலரின் உள்ளங்காலில் விழுந்தது.

சிவமலர் குசினி வாசலில் அகப்பையும் கையுமாக நின்றாள். மொன்ட்ரியாலில், செயின்ட்-மிஷேலில் இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த இரண்டு பேரும் சத்தம் போட்டு அவள் கண்டதில்லை. ஒருவர் அவளுடைய புருசன் சண்முகலிங்கம். மற்றவர் றொபின்சன். மட்டக்களப்பு ஆள், துறைமுகத்துக் களஞ்சியத்தில் இருவரும் ஒன்றாகப் பெட்டி இறக்கிய காலம் தொட்டுக் கூட்டாளி. யாழ்ப்பாணத்து ஆட்களோடேயே பழகிப் பழகி றொபின்சனின் பேச்சும் பாதி இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ரோசம் வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு திரும்பி வந்து 'இரிக்கி' என்று குந்திக்கொள்ளும். இன்றைக்குக் கதவு திறந்த நேரம் தொட்டு ஒரே 'இரிக்கி'தான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ரோட்டு உப்பும் பனித்தண்ணியுமாகக் கம்பளத்தில் இரண்டு குளம். ஞாயிற்றுக்கிழமைக் கணவாய்க் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மணத்துக்குப் படியில் வரும்போதே "அக்கா!" என்று கூப்பிடுகிற மனுசன், இன்றைக்கு மூக்கையும் எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார்.

சாப்பாட்டு மேசையில் நீட்டுக்கு ஒரு மட்டைப்பெட்டி வாய் பிளந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து எடுத்த துவக்கு றொபின்சனின் கையில். அறைக்குள்ளிருந்து எடுத்து வந்த துவக்கு சண்முகலிங்கத்தின் கையில். இரண்டும் குழல்வாயால் மருந்து இடித்துச் சக்கிமுக்கிக் கல்லால் தீ மூட்டுகிற அந்தக் காலத்துச் சாமான். ஒரே நீளம், ஒரே வளைவு, ஒரே பித்தளைப் பூண். வித்தியாசம் ஒன்றே ஒன்று. றொபின்சனுடையதன் மரக்கட்டையில், மஞ்சளுக்கு நடுவே சிவப்பாய் ஒரு பொட்டு இருந்தது. சண்முகலிங்கத்தினுடையதில் பொட்டில்லை.

"தம்பி, முதல்ல ரெண்டு பேரும் அந்தத் துவக்குகளைக் கீழ வையுங்கோ. ஆரும் ஜன்னலுக்குள்ளால பாத்தால் பொலிசுக்குப் போன் அடிப்பினம்."

இரண்டு துவக்கும் மேசைக்கு வந்தன. இரண்டு பேரின் கையும் அவற்றை விட்டு எடுபடவில்லை.

"இப்ப எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. எங்கட துவக்கு உங்களிட்ட எப்பிடி வந்தது?"

"அதைத்தான் அக்கா நானும் கேக்கிறன். உங்கட துவக்கு என்னிட்ட எப்பிடி வந்த?"

"கொண்டு வந்தது நீங்கள். நீங்கள்தானே சொல்ல வேணும்."

"நான் இன்ரநெற்றில வாங்கினன்."

"ஆரிட்ட?"

"அண்ணன்ட்டத்தான்!"

"நான் விக்கேல்லை!"

"விக்காத சாமானை நான் எப்பிடி வாங்கின?"

விற்காத சாமானை ஒருவர் வாங்கியிருக்கிறார். வாங்கின சாமான் மேசையில் கிடக்கிறது. விற்காத சாமானும் அதற்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அவள் உள்ளே போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். அடுப்பைக் குறைத்தால் தலை தெளியுமென்று பார்த்தாள். தெளியவில்லை.

இந்தச் சண்டை விளங்க வேண்டுமென்றால் லோங்கேய் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் பழந்துவக்கு வாங்குவதென்றால் காலால் நடந்து போய்க் கையால் தொட்டுத்தான் வாங்கவேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், லோங்கேயில், ஒரு சேர்ச் பேஸ்மென்ற். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே நீள மேசைகள் போட்டு, கோப்பியும் வைத்து, கயேத்தான் என்ற கியூபெக் கிழவனும் அவன் கூட்டாளிகளும் கடை விரிப்பார்கள். றொபின்சனுக்கு அந்தப் பைத்தியம் முதலில் பிடித்தது. பிறகு சண்முகலிங்கத்துக்குத் தொற்றியது. 1898க்கு முன்னம் செய்த இந்த மாதிரிச் சாமானுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அவர் பெண்சாதிக்கு ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீங்கள் காசு குடுத்து அதை வீட்டுக்குக் கொண்டு வாறியள்."

"அது சுட்ட துவக்கு, மலர். இது சுடாத துவக்கு."

"சுடாதெண்டால் அதுக்குப் பேர் உலக்கை. உலக்கையை வாங்கியிருந்தால் நான் மாவாவது இடிச்சிருப்பன்."

லோங்கேய் மண்டபத்தில் ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதிக் கிடந்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஒருவன் ஒரு சாமானைக் கையில் எடுத்தால், அவன் அதைக் கீழே வைக்குமட்டும் மற்றவன் வாய் திறக்கப்படாது. விலை கேட்கக் கூடாது, நல்ல சாமான் என்றுகூடச் சொல்லக் கூடாது. இந்தத் துவக்கை முதலில் கையில் எடுத்தது சண்முகலிங்கம் இல்லை, றொபின்சன். தோளில் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கீழே வைக்க மனமில்லாமல் நெடுநேரம் வைத்திருந்தார். பக்கத்தில் சண்முகலிங்கம் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் கண்ணாக நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, மெல்ல மேசையில் வைத்தார்.

"எடுங்க அண்ணன்."

"நீ?"

"எனக்கு வேற வரும். ஆனா எப்பயாவது விக்கிறதெண்டா, முதல் என்ட கையில தரணும்."

"கடவுளாணை."

வேறொன்றும் வரவில்லை. றொபின்சன் அதற்குப் பிறகு எத்தனையோ வாங்கினார், விற்றார். இதைப் போல ஒன்று வரவில்லை. இன்றைக்கு மேசையில் கிடந்தது துவக்குகள் மட்டுமில்லை, அந்தக் கடவுளாணையும்தான்.

பேந்து எல்லாம் மாறிப்போனது. கயேத்தான் செத்தான். அவனுடைய மேசையை அவனுடைய மகன் போனுக்குள் கொண்டுபோய் வைத்தான். மற்ற மேசைகளும் ஒவ்வொன்றாக அதற்குள்ளேயே போயின. இப்போது சண்முகலிங்கம் சோபாவில் படுத்தபடி, எந்தெந்தத் தேசத்திலோ கிடக்கிற துவக்குகளைப் பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். ஏலத்தில் கடைசி விநாடியில் எவனோ கூட்டிப் போட்டுக் கொண்டு போய்விடுவான். இவர் போனைத் தலையணையில் எறிவார்.

"ஆரவன்?"

"ஆரெண்டு தெரியாது."

"தெரியாத ஆளோட என்னத்துக்கு இவ்வளவு கோவம்?"

"தெரிஞ்ச ஆளெண்டால் ஏன் கோவம் வருது?"

கையால் தொட முடியாத இடத்தில் 'கீழே வைக்குமட்டும்' என்ற சட்டம் என்னத்தைப் பிடித்து நிற்கும்?

"சரி," என்றாள் சிவமலர். "வாங்கினதை விடுங்கோ. பொட்டு எப்பிடி வந்தது?"

"நீங்க வைச்ச பொட்டுத்தானே அக்கா! இந்த உலகத்தில வேற ஆர் துவக்குக்குப் பொட்டு வைக்கிற?"

அதுவும் உண்மைதான். சரஸ்வதி பூசைக்கு அவள் புத்தகங்களோடு தையல் மெசினையும், கத்தரிக்கோலையும், பனி வழிக்கிற ஷவலையும் வைப்பாள். முதல் வருசம் துவக்கையும் கொண்டுவந்து வைத்தபோது சண்முகலிங்கம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பொட்டு வைத்தால் அது சாமிச் சாமான், சாமிச் சாமான் ஒருத்தரையும் ஒன்றும் செய்யாது என்பது அவளுடைய கணக்கு. பூசை முடிந்த மூன்றாம் நாள் ஈரத்துணியால் துடைத்து, வந்த சனத்தின் கண்ணில் படாமல் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டில் தலைமாட்டில் கொழுவிவிடுவாள். துடைத்துத் துடைத்துக் கட்டையில் அந்த இடம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

றொபின்சன் கத்தோலிக்கர். ஆனால் ஒரு பூசையும் தவறவிட்டதில்லை, பெண்சாதி அக்னெஸோடு அவலுக்கும் கடலைக்கும் முதல் ஆளாக வந்து குந்துவார். அந்தத் துவக்கை அவர் காண்பது அந்த ஒரு நாளில்தான். அவர் கண்ட நாளெல்லாம் அதற்குப் பொட்டு இருந்தது.

"ஒவ்வொரு வருசமும் பாக்கிறன். எப்பயும் பொட்டு இரிக்கி. இண்டைக்கு இந்தச் சாமானில மட்டும் பொட்டில்ல. அப்ப இது என்ன?"

"பூசை முடிய அழிக்கிறதடா! பொட்டெண்டால் பச்சை குத்தினதோ?"

"கதை விடாதீங்க அண்ணன். நான் உங்களைக் குறை சொல்ல வரல்ல. இது விலைக்குக் கிடக்கிறதைக் கண்ட உடனே நான் என்ன நினைச்சன் தெரியுமா? அண்ணனுக்கு ஏதோ கஷ்டம், வெக்கத்தில வாய் திறக்காம விக்கிறார் எண்டு நினைச்சன். அக்னெஸ் சொன்னாள், போன் அடிச்சுக் கேள் எண்டு. நான் கேக்கல்ல. கேட்டா உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டி வரும். அதால பேசாம நானே எடுத்தன், வேத்தாளுக்குப் போகாம. இஞ்ச வந்து பாத்தா கஷ்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டம்மி ஒண்டை வாங்கி மாட்டி, அக்காவையும் ஏமாத்தி—"

"என்னை ஏமாத்தினவரோ?"

"மலர்!"

"இல்லை, கேக்கிறன். நீங்கள் வித்தனீங்களோ?"

"நீருமோ?"

சண்முகலிங்கத்தின் முகம் சுருங்கிப்போனது. கேட்டிருக்கக் கூடாது என்று சிவமலருக்குப் பட்டது. ஆனாலும் கேட்டாயிற்று. பொட்டில்லாத துவக்கு அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இதைத்தானா புரட்டாதியில் துடைத்தாள்? துடைத்தவளுக்கே ஒரு கணம் நிச்சயமில்லாமல் போனது.

றொபின்சன் போனை எடுத்து நீட்டினார். "இந்தா, விலைக்குப் போட்ட படம். பாருங்க அக்கா."

பார்த்தாள். துவக்கு. பொட்டு. அதன் ஓரத்தில்—

"ஐயோ, எங்கட குத்துவிளக்கு!"

"ஆ!"

"எங்கட ஷவல்!"

"பாத்தீங்களா அண்ணன்? இது இந்த வீட்டில எடுத்த படம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"படம் எடுத்தது நான்," என்றாள் சிவமலர்.

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"நீங்களா அக்கா வித்த?"

"விசர்க்கதை கதையாதையுங்கோ. பூசை வாழ்த்தெண்டு தாட்சாயினிக்கு அனுப்பினனான். வாட்ஸப்பில."

தாட்சாயினி சண்முகலிங்கத்தின் தங்கை மகள், மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்கள், இரண்டு துவக்குக்கும் நடுவில்.

"அலோ மாமி? சா வா?"

"சா வா, சுகமோ எல்லாம் இருக்கட்டும். நான் அனுப்பின துவக்குப் படத்தை நீ என்ன செய்தனீ?"

"அதோ? அது குறூப்பில போட்டனான். பழந்துவக்குச் சேக்கிற ஆக்களின்ர குறூப். மாமாவின்ர துவக்கு எவ்வளவு வடிவு எண்டு காட்ட. மற்றப் பக்கத்தையும் காட்டு எண்டு கேட்டவை. நான் பூசைக்கு வந்த அண்டு எடுத்ததையும் போட்டன். ஏன் மாமி?"

"கடவுளே."

"உங்களுக்குத் தெரியாதே, உங்கட பொட்டு அங்க பெரிய ஆள்! ஒருத்தர் சொல்லுறார், அது ஏதோ அரசரின்ர ஆயுதசாலை முத்திரையாம். இன்னொருத்தர் இரத்தம் எண்டுறார். 'கஷே ரூஜ்' எண்டு பேரும் வைச்சிருக்கினம், சிவப்பு முத்திரை எண்டு. அது இருந்தால் ஒரிஜினலாம், இல்லாட்டில் போலியாம். இப்ப கன பேர் சிவப்பு முத்திரைத் துவக்குத் தேடித் திரியினம்."

"அது குங்குமம் எண்டு நீ சொல்லேல்லையோ?"

"சொன்னனான் மாமி. துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாத ஆக்கள் கதைக்கக் கூடாதெண்டு என்னைப் பேசிப்போட்டினம். மாமி, இஞ்ச சின்னவன் அழுறான், பேந்து எடுக்கிறன், என்ன?"

போன் அடங்கியது. குசினியில் கறி மட்டும் கதைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப," என்று சிவமலர் மெல்லத் தொடங்கினாள், ஒவ்வொரு சொல்லையும் காலால் தடவிப் பார்த்துப் பார்த்து வைக்கிறவளைப் போல, "ஆரோ ஒருத்தன் அந்தப் படத்தைப் பாத்திருக்கிறான். அதே மாதிரி ஒண்டு செய்திருக்கிறான். பொட்டும் துவக்கோட சேர்ந்ததெண்டு நினைச்சு, பொட்டையும் செய்திருக்கிறான்."

"அதுதான்!" சண்முகலிங்கம் மேசையில் அடித்தார். "பாத்தியோ! போலி உன்ரது!"

"இல்ல," என்றார் றொபின்சன். "போலி எண்டா பொட்டில்லாதது. பிள்ளையே சொல்லுது."

"பிள்ளை அப்பிடியே சொன்னது?"

"எல்லாரும் சொல்லுறாங்களாம் எண்டுதானே சொல்லுது."

"எல்லாரும் எண்டால் ஆரடா?"

"குறூப்பில இரிக்கிற எல்லாரும்."

"அவங்களுக்குக் குங்குமம் தெரியுமோ?"

"துவக்குத் தெரியும்தானே!"

சிவமலர் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தாள். அவள் வைக்கும் பொட்டு மோதிரவிரலால் இழுத்து வைப்பது. முதலில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், ஒரு பக்கம் எப்போதும் வால் விட்டிருக்கும். இது நாணயக் குற்றி மாதிரி வட்டம். முகர்ந்தாள். சந்தனம் மணக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தாள். துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது.

"தம்பி, இது குங்குமம் இல்லை."

"பழசு அக்கா. ஊறிப்போயிரிக்கும்."

"புரட்டாதியில வைச்ச குங்குமம் தை மாசத்துக்கிடையில ஊறுமோ? என்ர நெத்தியில கலியாணம் கட்டின நாளிலயிருந்து வைக்கிறன். ஊறிச்சோ?"

றொபின்சன் அவள் நெற்றியைப் பார்த்தார். இத்தனை வருசப் பழக்கத்தில் இப்போதுதான் அதைக் காண்கிறவரைப் போலப் பார்த்தார். ஆனாலும் துவக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க அண்ணன்ட பெண்சாதி அக்கா," என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில். "நீங்க அவருக்காகத்தான் கதைப்பீங்க."

அந்தச் சொல்லோடு சண்முகலிங்கம் கதிரையை இழுத்து இருந்தார். அவர் சத்தம் போட்டபோது வராத பயம் சிவமலருக்கு இப்போது வந்தது. இந்தப் பொட்டு இந்த நிமிசத்தில் அழியாவிட்டால் றொபின்சன் இனி இந்தப் படி ஏறமாட்டார். அவளுக்கு அது வெளிச்சமாகத் தெரிந்தது. மற்றதெல்லாம்தான் இருட்டு.

குளியலறைக்குப் போனாள். தாட்சாயினி வந்து தங்கியபோது விட்டுவிட்டுப் போன, நகத்துக் கியூட்டெக்ஸ் அழிக்கிற தண்ணிப் போத்தல் அங்கே இருந்தது. பஞ்சை நனைத்துக்கொண்டு வந்து அந்தப் பொட்டில் வைத்துத் தேய்த்தாள். மூக்கைப் பிய்க்கிற மணம் வீடெல்லாம் பரவியது. முதலில் பஞ்சு மஞ்சளானது. பிறகு சிவப்பானது. பிறகு பொட்டு முழுவதும் பஞ்சுக்கு வந்துவிட்டது. கட்டையில் அந்த இடம் வெளிறிப்போய் நின்றது, மற்றதில் வெளிறின அதே இடத்தில், அதே அளவில்.

"பெயின்ற்," என்றாள்.

றொபின்சன் பஞ்சை வாங்கி விரலால் நசித்துப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"அக்கா, கம்பளமெல்லாம்..."

"பரவாயில்லை தம்பி. காயும்."

அவர் போய்க் கதவடியில் சப்பாத்தைக் கழற்றினார். கழற்ற நெடுநேரம் எடுத்தது. நாடாவை அவிழ்த்து, திரும்பக் கட்டி, திரும்ப அவிழ்த்த மாதிரி இருந்தது.

"ஏன்டா விசரா," சண்முகலிங்கத்தின் குரல் உடைந்து வந்தது, "ஒரு போன் அடிச்சிருந்தால்?"

"அடிச்சிரிக்கலாம்தான்."

"நான் விப்பனோ? உனக்குச் சொல்லாமல் நான் விப்பனோ?"

"அண்ணன், விடுங்க."

குசினியிலிருந்து கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. சிவமலர் பதறிப்போய் மேசையிலிருந்த இரண்டு துவக்கையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு போய்ச் சோபாவில் போட்டுவிட்டு ஓடினாள். சட்டியை இறக்கி, கிண்டி, உப்புப் பார்த்து, சோற்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று பேரும் இருந்து கையால் சாப்பிட்டார்கள். மெல்ல மெல்லக் கணவாய் தன் வேலையைச் செய்தது.

"காசு போனது போகட்டும்," என்றார் றொபின்சன். "லோங்கேயிலயெண்டா நான் ஏமாந்திரிப்பனா அண்ணன்? கையில எடுத்த உடனே தெரிஞ்சிரிக்கும்."

"அதுதான் சொல்லுறன். படம் கண்ணுக்குத்தான். கை பொய் சொல்லாது. என்ர கண்ணைக் கட்டிப்போட்டு நூறு துவக்குத் தந்தாலும் என்ர துவக்கை நான் எடுப்பன்."

"நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டே என்ர கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போற ஆள்," என்றாள் சிவமலர்.

றொபின்சன் சிரித்தார். சிரித்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார், சோறு ஒட்டின கையை.

"ஆனா அண்ணன், பெட்டி வந்த நாளிலயிருந்து நான் இதைக் கையிலதான் வைச்சிரிந்தன். அக்னெஸ் பேசப் பேச வைச்சிரிந்தன். என்ட கை ஒண்டும் சொல்லல்ல. படம் பாத்துப் பாத்து அதுவும் மறந்திட்டுப் போல."

"வயசடா."

"வயசில்ல," என்றார் றொபின்சன்.

சாப்பிட்டு, சவுக்காரம் போட்டுக் கை கழுவி, தேத்தண்ணியும் குடித்தார்கள். றொபின்சன் பெட்டியை எடுத்து நிமிர்த்தினார்.

"நான் என்ட டம்மியைக் கொண்டு போறன். சுவரில மாட்டி வைக்கணும், இனி ஏமாறாம இரிக்க."

"அதுக்கும் பொட்டு வை," என்று சண்முகலிங்கம் சிரித்துக்கொண்டே சோபாவுக்குப் போனார். இரண்டு துவக்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி. எதை எந்தக் கக்கத்தில் கொண்டுபோனாள், எதை எந்தப் பக்கம் போட்டாள் என்று சிவமலர் யோசித்துப் பார்த்தாள். கறி அடிப்பிடித்ததுதான் ஞாபகம் வந்தது.

சண்முகலிங்கம் யோசிக்கவில்லை. குனிந்தார், ஒன்றை எடுத்தார், தோளில் சாய்த்தார்.

"வாடி என்ர ராசாத்தி! பாத்தியே றொபின்சன், கை உடனே சொல்லிப்போட்டுது."

அவளைத் தாண்டித்தான் அறைக்குப் போனார். போகும்போது அவர் தோளிலிருந்து அந்த மணம் வந்தது. மூக்கைப் பிய்க்கிற அந்தக் கியூட்டெக்ஸ் தண்ணி மணம்.

சிவமலர் தன் விரல்களை முகர்ந்தாள். சவுக்காரம். சவுக்காரத்துக்கு அடியில் கணவாய். வேறொன்றும் இல்லை.

"இஞ்சருங்கோ—"

"என்ன?" அறைக்குள்ளிருந்து குரல்.

அவள் வாயில் வந்து நின்றதை விழுங்கினாள். இப்போதுதான் இரண்டு பேரும் ஒரு சட்டியில் சாப்பிட்டார்கள். இவர் தன் துவக்கைத் தானே அறியவில்லை என்று றொபின்சனுக்கு முன்னால் சொல்லுவதா? சொல்லாமல் விட்டால், விற்றால் முதலில் றொபின்சனுக்கே என்று கடவுளாணை வைத்த சாமான் விலையும் இல்லாமல் சும்மா படியிறங்கிப் போகும். சொன்னால் எது வெல்லும், சொல்லாவிட்டால் எது தோற்கும்? தன் துவக்கென்று சந்தோசமாக ஒருவர் தூக்கிக்கொண்டு போனால், அது அவருடைய துவக்குத்தானோ?

"ஒண்டுமில்லை. ஆணி இறுக்கமோ எண்டு பாத்துக் கொழுவுங்கோ."

"ஓம், ஓம்."

றொபின்சன் சோபாவில் மிச்சம் கிடந்ததைக் குனிந்து எடுத்தார். சிவமலர் பெட்டியின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள், அவர் வைக்கட்டும் என்று. அவர் வைக்கவில்லை. ஒரு கை கட்டைக்கு அடியில் போய் நின்றது. பெருவிரல் வெளிறின இடத்தைத் தேடிப்போய்த் தடவியது. தடவின விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு துவக்கை மெல்லத் தோளுக்கு உயர்த்தினார், அந்தச் சேர்ச் பேஸ்மென்ற்றில் உயர்த்தியதைப் போல. அறைக்குள் சண்முகலிங்கம் தேவாரம் ஒன்றை மூக்கால் முனகியபடி ஆணியைத் தட்டினார். கீழ்வீட்டுக் கிழவி பதிலுக்கு ஒருமுறை இடித்தாள்.

கையில் எடுத்தவன் கீழே வைக்குமட்டும் மற்றவர் வாய் திறக்கப்படாது. அது லோங்கேய்ச் சட்டம். இந்த வீட்டிலும் செல்லுமோ என்று சிவமலருக்குத் தெரியவில்லை. பெட்டியைப் பிடித்த கை நோகத் தொடங்கியது.

றொபின்சன் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அக்கா, இதை நான் கொண்டு போகட்டா?"